முயல் பால்கறியும் நீ வெட்டிய பெயரும்

மகனுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. நலம் விசாரித்துத் தொடங்குகிற மனநிலையில் நான் இல்லை. நீ நன்றாகத்தான் இருக்கிறாய் என்பது உன் எழுத்தின் மிடுக்கிலேயே தெரிகிறது. உன் கலியாணத்துக்கு நம் பக்கத்திலிருந்து அழைக்க வேண்டியவர்கள் என்று பதினான்கு பெயர் எழுதி அனுப்பியிருந்தேன். அந்தத் தாளையே திருப்பி அனுப்பியிருக்கிறாய். பதின்மூன்று பெயருக்குப் பக்கத்தில் சரி அடையாளம். பதினான்காவது பெயர் லெஸ், பக்கத்து வீடு, கிளேட்டன். அதன்மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. அதுவும் கை நடுங்கி இழுத்த கோடல்ல, அடிமட்டம் வைத்து இழுத்த கோடு. எஞ்சினியர் அல்லவா நீ. சரி, ஏதோ காரணம் இருக்கும் என்று உன் கடிதத்தை அடிவரைக்கும் வாசித்தால், கையெழுத்துக்குக் கீழே இன்னொரு வரி தொங்குகிறது. ‘அப்பா, போன கிழமை முயல் வாங்கி உங்களைப் போல பால்கறி வைத்தேன், பால் திரைந்து போய்விட்டது, எங்கே பிழைத்தது என்று எழுதுங்கோ.’ முயல் தந்த மனிதனை மேலே வெட்டிவிட்டு, முயல் கறிக்கு வழி கீழே கேட்கிறாய். இரண்டுக்கும் ஒரே மையைப் பாவிக்காமல் விட்டாயே, அந்தளவுக்காவது வெட்கம் மிச்சமிருக்கிறது.

அன்று பின்னேரமே உனக்கு டெலிபோன் எடுத்தேன். நீ பேசியதை மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை. “அப்பா, கோவப்படாதேங்கோ. அவர் வந்தா அவரை எங்க இருத்துறது?” என்றாய். “கதிரையில” என்றேன். “அதில்லை அப்பா. சுமதியின்ர வீட்டு ஆக்கள் சுத்த சைவம். இவர் வாயைத் திறந்தா முயல் கதைதான். உங்கட அப்பா நல்லா முயல் சமைப்பார் எண்டு மாமாவிட்டயே சொல்லிப்போடுவார்.” சொன்னால் என்ன என்று கேட்டேன். அப்போதுதான் வந்தது. “எங்கட வீட்டில மச்சம் மாமிசம் ஒண்டும் புழங்கிறேல்லை எண்டு சொல்லியிருக்கிறன்.” ஆர் சொன்னது என்று கேட்டேன். “நான்தான்” என்றாய், ஏதோ பரீட்சையில் முதலாவதாக வந்தது போல. நான் டெலிபோனை வைத்துவிட்டேன். பேசினால் வாயில் வரக் கூடாதது வந்துவிடும் என்றுதான் எழுதுகிறேன். எழுதினாலும் வரத்தான் செய்கிறது.

லெஸ் யார் என்று உனக்கே ஞாபகப்படுத்த வேண்டிய காலம் வந்துவிட்டது. எழுபத்துமூன்றாம் ஆண்டு, இந்த நாட்டில் நமக்கு முதல் குளிர்காலம். உன் அம்மாவுக்கு மெல்பேர்ன் ஆஸ்பத்திரி ஒன்றில் தாதி வேலை கிடைத்து, அவளின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நாம் இரண்டு பேரும் வந்தோம். வவுனியாக் காடுகளில் இருபது வருடம் சங்கிலி இழுத்து நிலம் அளந்த என் சான்றிதழை இங்கே ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினேன். நீ பதினெட்டு வயதில் கிளேட்டன் பல்கலைக்கழகத்துக்குப் போய்வந்தாய். ஒரு சனிக்கிழமை காலை பின்கதவைத் திறந்த அம்மா போட்ட சத்தத்தில் நீயும் நானும் ஓடிப்போனோம். படியில், ஈரமான பத்திரிகைத் தாளின்மேல், தோலுரித்த இரண்டு சின்ன உடல்கள். தலையில்லை, பாதமில்லை. பூனை என்றாள் அம்மா. அன்று அமாவாசை வேறு. “செய்வினை. ஆரோ எங்களை இஞ்ச இருக்க விடக் கூடாதெண்டு செய்திருக்கினம்” என்று நடுங்கினாள். நானும் நம்பினேன், ஏன் மறைப்பான். மண்வெட்டி இல்லாததால் சாம்பல் அள்ளுகிற தகரத்தால் குழி தோண்டிப் புதைத்தோம். படியை மஞ்சள் தண்ணீரால் கழுவினோம். ஊரிலிருந்து கொண்டுவந்த கொஞ்சச் செத்தல் மிளகாயில் ஒரு கைப்பிடியை உப்போடு எடுத்து, மூன்று பேரின் தலையையும் சுற்றி, அம்மா அடுப்பில் போட்டாள். வீடு முழுக்கப் புகை. மூச்சு விட வழியில்லாமல் மூன்று பேரும் தெருவில் வந்து நின்று இருமினோம்.

திங்கட்கிழமை வேலியடியில் பக்கத்து வீட்டு மனிதர் நின்றார். ரயில் பாதையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்து இரண்டு வருடம், தனியாள். அதுவரை நம்மோடு தலையாட்டியதைத் தவிரப் பழக்கமில்லை. அவர் பேசுகிற இங்கிலீசை என் தமிழில் எழுதுகிறேன். “என்ன மேட், முயல் எப்பிடி?” என்று கேட்டார். எல்லோரையும் அவர் மேட், கூட்டாளி, என்றுதான் கூப்பிடுவார். நான் வாயைத் திறப்பதற்கு முதல் நீ முந்திக்கொண்டாய். “நல்ல ருசியாயிருந்தது. அம்மா கறி வச்சவ.” முயல் நிலத்துக்குள் கிடக்கிறது, நீ கறி வைத்துச் சாப்பிட்டும் விட்டாய். அந்த மனிதர் சந்தோசத்தில் அடுத்த சனிக்கிழமை நான்கு கொண்டுவந்து வைத்தார். இனித் தாங்காது என்று நானே போய் உண்மையைச் சொன்னேன். பூனை, செய்வினை, மிளகாய்ப் புகை எல்லாம். அவர் வேலியைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வர வர சிரித்தார். கோபிக்கவில்லை. அதற்கடுத்த கிழமை வந்த முயலுக்குத் தலை இருந்தது. “காது இருக்குப் பார். உன்ர மனுசியிட்டக் காட்டு” என்றார். அன்றிலிருந்துதான் நீ அவரை லெஸ் அங்கிள் என்று கூப்பிடத் தொடங்கினாய். தன்னை ஒருவரும் அப்படிக் கூப்பிட்டதில்லை என்று என்னிடம் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். இப்போது உன் கடிதத்தில் அவர் ‘அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்’.

கறிக்கு வழி கேட்டாய். சொல்லாமல் விட மாட்டேன், கோபம் வேறு சமையல் வேறு. வேட்டை இறைச்சியை வீட்டுக் குசினிக்குள் ஏற்றுவதில்லை என்பது நம் வழக்கம். ஆம்பிளைகள் வளவுக்குள் தனி அடுப்பு மூட்டி, தனிச் சட்டியில் சமைப்பார்கள். அளவைக்காரர்களின் காட்டு முகாமில் நான் பழகியதும் அதைத்தான். அம்மாவும் அதில் விட்டுக்கொடுக்கவில்லை, கிளேட்டனிலும் குசினி குசினிதான் என்றாள். அதனால் பின்வளவில் ஆறு செங்கல் வைத்து அடுப்புப் போட்டேன். பழைய சாமான் கடையில் ஒரு அலுமினியச் சட்டி வாங்கினேன். குளிரில், தொப்பியும் கம்பளிச் சட்டையும் போட்டுக்கொண்டு விறகு ஊதுகிற என்னைப் பார்த்துத்தான் லெஸ் வேலியைத் தாண்டி வந்தார். வீட்டுக்குள் காஸ் அடுப்பு இருக்க இவன் ஏன் வெளியில் நிற்கிறான் என்று அவருக்கு விளங்கவில்லை. மனைவி துரத்திவிட்டாள் என்று நினைத்து ஒரு பியர் போத்தலும் கொண்டுவந்தார். வழக்கத்தைச் சொல்லி விளங்கப்படுத்தினேன். “நல்ல வழக்கம். சமைக்கிறவனுக்குக் குடிக்கவும் வசதி” என்று ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார். அந்தப் பெட்டி இன்றைக்கும் அங்கேதான் கிடக்கிறது.

முயலைத் துண்டு போடுவதற்கு முதல் உப்புத் தண்ணீரில் இரண்டு மூன்று மணித்தியாலம் ஊற விட வேண்டும். இது லெஸ் சொல்லித் தந்தது, காட்டு வாடை அதில்தான் போகும். முதுகின்மேல் ஒட்டியிருக்கிற வெள்ளிச் சவ்வைக் கத்தி நுனியால் உரித்துவிடு, இல்லையென்றால் வேகும்போது இறைச்சியைச் சுருட்டிப் பிடிக்கும். பின்கால், முதுகு, முன்கால் என்று மூட்டோடு வெட்டு, கொத்தாதே, கொத்தினால் சின்ன எலும்பு தொண்டையில் நிற்கும். மஞ்சள், உப்பு, மிளகு, பெருஞ்சீரகம், நிறைய வெங்காயம், ஒரு துண்டு கறுவாப்பட்டை. மிளகாய்த்தூள் கிடையாது. கறிவேப்பிலைக்கு இங்கே எங்கே போவது, இல்லாமலே வைத்துப் பழகிவிட்டேன். முயலில் கொழுப்பு என்பது இல்லை, அதனால் கொதிக்க விட்டால் தும்பாய்ப் போகும். இரண்டாம் பாலில், மெல்லிய நெருப்பில், ஆறுதலாக அவிய வேண்டும். தேங்காய் இல்லாத ஊரில் பாலுக்கு என்ன செய்தோம் என்பது உனக்குத் தெரியும், நீதான் துணியைப் பிடித்துப் பிழிவாய். கேக்குக்குப் போடுகிற உலர்ந்த தேங்காய்ப்பூவைச் சூடான பசுப்பாலில் ஊறவைத்துப் பிழிந்து எடுத்த பால் அது. நம் ஊர்த் தேங்காய்ப்பாலை விடத் தடிப்பு. வவுனியாவில் நான் வைத்த கறி எதுவும் இப்படி வெண்ணெய் போல் வந்ததில்லை.

மிளகாய் போடாததற்குக் காரணம் நாம் அல்ல, லெஸ். முதல் தடவை ஊரில் வைப்பது போல் சிவக்கச் சிவக்க வைத்தேன். ஒரு வாய் வைத்துவிட்டு மனிதர் குழாயடிக்கு ஓடினார். திரும்பி வந்து, தன் மனைவி முயலைப் பாலும் வெங்காயமும் போட்டு வெள்ளையாகச் சமைப்பாள், அவள் போன பிறகு அது தன் வாயில் படவில்லை என்று சாதாரணமாகச் சொன்னார். அவ்வளவுதான் சொன்னார், அழுது வடிக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை நான் மிளகாயை விட்டுவிட்டு வெள்ளைக்கறியாக வைத்தேன். பெட்டியில் உட்கார்ந்து பாண் ரொட்டியைத் தோய்த்துத் தோய்த்துச் சாப்பிட்டார். முடிந்ததும் கோப்பையைத் தன் வீட்டுக்கே எடுத்துக்கொண்டு போனார். எனக்கு ஒரு மாதிரியாகப் போய்விட்டது, பிழையாகிவிட்டதோ என்று. அடுத்த நாள் கோப்பை கழுவித் துடைத்து வந்தது, நிறையத் தேசிக்காய், அவர் வீட்டு எலுமிச்சை மரத்துக்காய். வெறுங் கோப்பையைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று நாம்தான் சொல்வோம், அவருக்கு யார் சொன்னது என்று அம்மா ஆச்சரியப்பட்டாள். அந்தத் தேசிப்புளிதான் கறியில் கடைசியாக விடுவது. நீ சிட்னியில் என்ன புளி விட்டாயோ தெரியாது.

இனி உன் கதைக்கு வருகிறேன். முதல் வருடக் கணக்குப் பாடத்தில் நீ தவறினாய். மூன்று நாள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக் கிடந்தாய். அம்மா இடியப்பம் அவித்தாள், தோசை சுட்டாள், ஒன்றையும் தொடவில்லை. நான் வேறு, பெட்டி அடுக்கிற வேலைக்கு உன்னையும் சேர்த்துவிடவா என்று கேட்டுத் தொலைத்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் வாயிலேயே ஒன்று போடலாம் போல இருக்கிறது. மூன்றாம் நாள் லெஸ் ஒரு முயலோடு வந்தார். கிழமை நடுவில் அவர் வேட்டைக்குப் போவதில்லை, உனக்காக ஒன்றரை மணித்தியாலம் வண்டி ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டு வந்தது. முழங்கால் அப்போதே அவருக்குச் சரியில்லை. நான் வெள்ளைக்கறி வைத்தேன். அவர் உன் அறை வாசலில் நின்று, “நானும் பள்ளிக்கூடத்தில கணக்கில பெயில்தான், ஆனா சாப்பாட்டில ஒரு நாளும் பெயிலாகேல்லை, எழும்படா” என்றார். எழும்பினாய். பின்வளவில், கம்பளியைப் போர்த்துக்கொண்டு, பாணோடு மூன்று கோப்பை சாப்பிட்டாய். சட்டியை வழித்து எலும்பைச் சூப்பினாய். “இன்னும் கொஞ்சம் இருக்கோ அப்பா” என்று கேட்டாய். அடுத்த பரீட்சைக்கு நீ படிக்கத் தொடங்கியது அந்தக் கிழமைதான். இந்த வாய்தான் இப்போது சிட்னி நார்த்மீட்டில் சம்பந்தி வீட்டு மேசையில் இருந்துகொண்டு, எங்கள் வீட்டில் இறைச்சி புழங்குவதில்லை என்கிறது.

உன்னை மட்டும் திட்டி முடித்துவிட்டால் எனக்கு வசதியாக இருக்கும். ஆனால் முடியவில்லை. நீ இதை எங்கே கற்றாய் என்று இரண்டு நாளாக யோசித்தேன். யோசிக்கத் தேவையே இல்லை, தெரியும். நீ கணக்கில் தவறியதற்கு அடுத்த வருடம் கொழும்பிலிருந்து வந்த ஒரு டொக்டர் குடும்பம் நம் வீட்டுக்கு வந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். அவருக்கு அளவைக் கந்தோரில் ஆட்களைத் தெரியும், ஒரு சொல் சொன்னால் என் சான்றிதழை எடுத்துப் பார்ப்பார்கள் என்று கேள்விப்பட்டு நான்தான் கெஞ்சி அழைத்தேன். அவர்களும் சுத்த சைவம். அம்மா முதல் நாளே வீட்டைக் கழுவினாள். நான் பின்வளவு அடுப்புச் செங்கலைப் பிரித்து மூலையில் அடுக்கி, சட்டியைச் சாக்கால் மூடினேன். சனிக்கிழமை என்பதை மட்டும் மறந்துவிட்டேன். பின்விறாந்தையில் வெயிலுக்காகக் கதிரை போட்டு அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நீ தேத்தண்ணீர்த் தட்டோடு நின்றாய். பக்கத்து வாசலால் லெஸ் வந்தார், வழக்கம் போல, கையில் இரண்டு முயல், காதோடு. “இந்தா மேட், இண்டைக்குக் கொழுத்தது ரெண்டு” என்றார்.

டொக்டரின் மனைவி மூக்கைச் சேலையால் பொத்தினாள். நான் எழுந்தேன். அந்த நேரத்தில் என் வாயில் என்ன வந்தது என்று உனக்குத் தெரியும். “மன்னிக்க வேணும், நீங்கள் வீடு மாறி வந்திட்டீங்கள்.” நல்ல இங்கிலீசில், கந்தோர் இங்கிலீசில் சொன்னேன். லெஸ் என்னைப் பார்த்தார். கதிரைகளைப் பார்த்தார். மூலையில் கிடந்த செங்கலைப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றினார். “ஓ, மன்னிக்கோணும் சேர். வீடு மாறித்தான் வந்திட்டன்.” சேர் என்றார். ஒரு வருடம் முழுக்க மேட் என்று கூப்பிட்ட மனிதர், என் மானத்தைக் காப்பாற்ற என்னைச் சேர் என்று கூப்பிட்டுவிட்டு, முயலை முதுகுப்பக்கம் மறைத்துக்கொண்டு, தன் வீட்டுக்குப் போகாமல் தெருப்பக்கம் போனார். பக்கத்து வீடு என்று அவர்களுக்குத் தெரியக் கூடாதாம். விருந்தாளிகள் போன பிறகு நீ சொன்னதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. “நல்லாச் சமாளிச்சிட்டீங்கள் அப்பா.” நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். அந்த டொக்டர் ஒரு சொல்லும் சொல்லவில்லை, என் சான்றிதழை யாரும் எடுத்துப் பார்க்கவுமில்லை. நான் இன்றைக்கும் பெட்டிதான் அடுக்குகிறேன்.

அடுத்த சனிக்கிழமை அவர் வர மாட்டார் என்று நினைத்தேன், வராமல் இருந்தால் நல்லது என்றும் நினைத்தேன், முகத்தைப் பார்க்க வேண்டியதில்லையே. வந்தார். ஆனால் உள்ளே வரவில்லை. பக்கத்து வாசலுக்கு வெளியில் நின்றுகொண்டு, “இண்டைக்குச் சரியான வீடோ?” என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே, விருந்தாளிகள் இருக்கிறார்களோ என்று பார்த்துக் கேட்டார். “ஓம், சரியான வீடு” என்றேன். முயலைத் தந்தார். செங்கலை மறுபடி அடுக்க எனக்கு உதவி செய்தார். அதைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு நாளும் அவர் கதைக்கவில்லை, நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்காமலே ஐந்து வருடம் கறி வைத்துக் கொடுத்தேன். கறி வைத்துக் கொடுத்தால் அது மன்னிப்புக் கேட்டதாகிவிடும் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். ஆகாது. உன் சிவப்புக் கோட்டைப் பார்த்த அன்றைக்குத்தான் அது எனக்கு உறைத்தது.

கலியாணம் கட்டப் போகிறவனுக்குத் தகப்பன் நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்பார்கள். என்னிடம் இருப்பது ஒன்றுதான். சுமதிக்கு உண்மையைச் சொல். அவள் தகப்பனுக்கு நீ என்னவும் சொல்லிக்கொள், அவளுக்குச் சொல். ஒளித்து ஒளித்து முயல் வாங்கி, ஜன்னலைத் திறந்துவைத்துச் சமைத்து, சட்டியைக் கழுவிக் கட்டிலுக்கடியில் தள்ளிக்கொண்டு எத்தனை வருடம் குடித்தனம் நடத்தப் போகிறாய். அவர்கள் சைவமாக இருப்பது அவர்களுக்கு நல்லது. அதில் நான் பிழை சொல்லவில்லை, மதிக்கிறேன், உன் அம்மாவும் வெள்ளிக்கிழமை விரதக்காரிதான். சைவமில்லாத நாம் சைவம் என்று வேடம் போடுவதுதான் அவர்களுக்கே அவமானம். நாளைக்குப் பிள்ளை பிறந்து அது சளி பிடித்துக் கிடக்கும்போது, உனக்குக் கை தன்பாட்டில் அந்தச் சட்டியைத்தான் தேடும். அப்போது அந்தப் பிள்ளைக்கும் பொய் சொல்லக் கற்றுக்கொடுப்பாயா, நான் உனக்குக் கொடுத்தது போல?

உன் பால் ஏன் திரைந்தது என்று சொல்லிவிடுகிறேன். முதற்பாலை விட்டதும் நெருப்பைத் தணித்து, அகப்பையால் கிளறிக்கொண்டு பக்கத்திலேயே நிற்க வேண்டும். ஒரு கொதி வர விடக் கூடாது. இறக்கி வைத்து, சூடு கொஞ்சம் அடங்கிய பிறகுதான் தேசிப்புளி. நீ கொதிக்கக் கொதிக்கப் புளியை ஊற்றியிருப்பாய், அல்லது யாரோ கதவைத் தட்டினார்கள் என்று சட்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடியிருப்பாய். ஆள் வருகிறது என்று அடுப்பை விட்டு ஓடுகிறவனுக்கு இந்தக் கறி சரிவராது. நானும் ஒரு நாள் ஓடினவன்தான், அதனால் சொல்கிறேன்.

போன சனிக்கிழமை நடந்ததையும் எழுதினால்தான் இந்தக் கடிதம் முடியும். உனக்குப் பெண் பேசிய அன்றைக்கே லெஸ்ஸிடம் சொல்லிவிட்டேன், நீங்கள் எங்கள் காரில் சிட்னிக்கு வருகிறீர்கள் என்று. அவரிடம் இருப்பது ஒரே ஒரு கோட்டு, மனைவியின் சவ அடக்கத்துக்குப் போட்ட கறுப்புக் கோட்டு. அதை அலுமாரியிலிருந்து எடுத்து, பூச்சி உருண்டை மணம் போக உடுப்புக் காயப்போடுகிற கம்பியில் தொங்கவிட்டிருக்கிறார். குசினி ஜன்னலால் பார்த்தால் தெரிகிறது. கலியாணத்துக்குக் கறுப்பு ஆகாது, நல்ல நிறத்தில் ஒரு டையாவது கட்டட்டும் என்று அம்மா மஞ்சள் டை ஒன்று வாங்கி வைத்திருக்கிறாள். சனிக்கிழமை அவர் வேலியடியில் வந்து கேட்டார். “பொடியன்ர கலியாணம் எந்த நாள் மேட்? முடி வெட்டோணும்.” உன் கடிதம் வருவதற்கு முதலே, பெயர்களை நீ சரி பார்க்க வேண்டும் என்று சொன்னதிலேயே எனக்குச் சந்தேகம் விழுந்துவிட்டது. “நாள் இன்னும் முடிவாகேல்லை” என்றேன். நாள் முடிவாகி மூன்று மாதம். அவர் என்னைப் பார்த்தார், அன்றைக்குப் பார்த்த அதே பார்வை. “அவசரமில்லை” என்று சொல்லிவிட்டுப் போனார். கோட்டை உள்ளே எடுக்கவில்லை. இரண்டாம் தடவையாக அந்த மனிதரை நான் வாசலில் வைத்துத் திருப்பி அனுப்பினேன், இந்தத் தடவை உனக்காக. மூன்றாம் தடவை என்று ஒன்று என் உயிர் இருக்கும்வரை நடக்காது.

ஆகவே கேள். அழைப்பிதழ் ஒன்றை எடு. உன் கையால், லெஸ் அங்கிளுக்கு என்று எழுது. முத்திரை ஒட்டி அவர் பெயருக்கே நேரே அனுப்பு, என் உறைக்குள் வைத்து அனுப்பாதே. அது வந்தால் நாங்கள் மூன்று பேரும் காரில் வருவோம், அவர் முன் வரிசையில் உட்காருவார், முயல் கதை சொல்ல விரும்பினால் சொல்லுவார். வராவிட்டால் உன் அம்மா ரயிலில் வருவாள். அவளிடம் கேட்டுவிட்டேன். “நீங்கள் ரெண்டு பேரும் சண்டை பிடியுங்கோ, என்ர பிள்ளையின்ர கலியாணத்துக்கு நான் போவன்” என்றாள், சேலையும் மடித்துவைத்துவிட்டாள். தாய்க்கு அந்த உரிமை உண்டு. நான் அன்றைக்குப் பின்வளவில் அடுப்பு மூட்டி வெள்ளைக்கறி வைப்பேன். லெஸ் அந்தப் பெட்டியில் உட்காருவார். இத்தனை வருடம் கேட்காத மன்னிப்பைச் சட்டியை இறக்குவதற்கு முதல் கேட்பேன். மண்டபத்தில் உன் மாமா வீட்டு ஆட்கள், மாப்பிள்ளையின் தகப்பன் எங்கே என்று கட்டாயம் கேட்பார்கள். நீ திணற வேண்டியதில்லை. கொஞ்சம் நிமிர்ந்து நின்று, நல்ல இங்கிலீசில், அவர் வீடு மாறிப் போய்விட்டார் என்று சொல். எப்படிச் சொல்வது என்று உனக்குத் தெரியும், தேத்தண்ணீர்த் தட்டோடு பக்கத்தில் நின்று பார்த்தவன் நீ.

அப்பா